ஏர் ஃபிரையரா, ஓடிஜியா? ஒன்றரை அடி மேடை, ஒரே ஒரு பவர் பிளக்

மாடிவீடு:
பத்து நாளாக வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது, நீங்களாவது தீர்த்து வையுங்கள். அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அன்றிலிருந்து மனைவி ஏர் ஃபிரையர் வாங்கலாம் என்கிறார், பத்தாவது படிக்கிற மகள் கேக் சுடுவதற்கு ஓடிஜிதான் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சாரப் பெட்டி) வேண்டும் என்று நிற்கிறாள், அம்மாவோ இரண்டுமே தண்டச் செலவு, இருக்கிற வாணலியில் பலகாரத்தைக் குறைத்துப் போட்டால் போயிற்று என்கிறார். தாம்பரம் பக்கம் சின்ன ஃப்ளாட், நான்கு பேர். மேடையில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் கேன் எல்லாம் போக ஒன்றரை அடிதான் மிச்சம். அதனால் ஒன்றுதான் வாங்க முடியும், பத்தாயிரத்துக்குள். கடையில் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுல பஜ்ஜிகூட வரும்" என்று ஏர் ஃபிரையரைத் தலையில் கட்டப் பார்க்கிறார். உண்மையிலேயே இரண்டும் ஒன்றுதானா?

சுக்குகாப்பி:
பஜ்ஜி வராது. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கொங்குகேக்:
கடைக்காரர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். ஆறு வருடமாக வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், இரண்டும் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏர் ஃபிரையரைத் திறந்து தலைகீழாகப் பார்த்தால் மேலே ஒரு சுருள் கம்பி, அதற்கு மேல் ஒரு காற்றாடி, அவ்வளவுதான். காற்றாடி வைத்த ஓவனையே சின்னதாக்கி, கூடையில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். காற்றாடி ஓவன் ஒன்றும் புதுசு இல்லை, 1945லேயே அமெரிக்காவில் மேக்சன் என்பவர் உறைய வைத்த சாப்பாட்டை விமானத்தில் சூடாக்க அப்படி ஒன்றைச் செய்திருக்கிறார். பிலிப்ஸ் 2010ல் பெர்லின் கண்காட்சியில் இந்தச் சின்ன வடிவத்தை 'ஏர்ஃபிரையர்' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தபோதுதான் எல்லோருக்கும் வறுக்கிற ஆசை வந்தது. சுடுகிற பெட்டிக்கு வறுக்கிற பேர், அதில்தான் பாதிக் குழப்பம்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. நான்கு லிட்டர் இடத்தில் காற்று சுற்றுவதும் முப்பது லிட்டர் இடத்தில் சுற்றுவதும் ஒன்றல்ல. சின்னப் பெட்டி மூன்று நிமிடத்தில் சூடாகிவிடும், காற்று பண்டத்தின் மேல் நேராக அறையும், மேல்தோலில் இருக்கிற ஈரத்தை அடித்துக்கொண்டு போகும், அதனால் மொறுமொறுப்பு சீக்கிரம் வரும். என் ஓடிஜி 180 டிகிரி பிடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஆனால் கேக்குக்கு இந்த அறைகிற காற்றுதான் எமன். மாவு உள்ளே உப்புவதற்கு முன்னால் மேலே தோல் கட்டிவிடும், அப்புறம் உள்ளே இருக்கிற ஆவி அதைக் கிழித்துக்கொண்டு ஒரு பக்கமாக வெளியே வரும். மேலே கருப்பு, குத்திப் பார்த்தால் குச்சியில் மாவு. ஃபாயில் மூடி 150ல் வைத்தால் ஆறு அங்குலக் கேக் ஒப்பேறும். ஒன்பது அங்குல டின் கூடைக்குள்ளேயே போகாது, அந்தப் பேச்சே வேண்டாம்.

மகள் கேக்தான் சுடுவாள் என்றால் ஓடிஜி. காற்றாடி வைத்ததாக, பெட்டியில் 'கன்வெக்‌ஷன்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வேண்டும்போது காற்றாடியைப் போடலாம், வேண்டாதபோது அணைத்துவிட்டு மேல் ராடும் கீழ் ராடும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்ச்சட்டி:
இந்த விஷயத்தில் நான் உங்கள் அம்மா கட்சி. ஏர் ஃபிரையரில் உளுந்து வடை செய்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்கினேன். தளர்ந்த மாவைக் கம்பித் தட்டில் வைக்கவே முடியவில்லை, ஓட்டை வழியே இறங்கிவிட்டது. சரி என்று வாழையிலைத் துண்டில் தட்டி வைத்தேன், இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தது வடை இல்லை, வெளுத்துப்போன பன். சாம்பாரில் ஊறவைத்துக்கூட யாரும் தொடவில்லை.

காரணம் எளிது. 180 டிகிரி எண்ணெயும் 180 டிகிரி காற்றும் ஒன்றல்ல. ஓவனுக்குள் கையை விட்டு வெளியே எடுக்கலாம், அதே சூட்டு எண்ணெயில் விரல் நுனியை வைக்க முடியுமா? எண்ணெய் சூட்டை அவ்வளவு வேகமாகக் கடத்துகிறது. மாவு விழுந்த நொடியே வெளியே தோல் கட்டி, உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி மாவை உப்பவைக்கிறது. காற்றில் அது நடப்பதற்குள் மாவு சரிந்து காய்ந்துவிடும். வடை, பஜ்ஜி, போண்டா, முறுக்கு எதுவும் ஆகாது. மாதம் இரண்டு தடவை நல்ல எண்ணெயில் நாலு வடை போட்டுச் சாப்பிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

நெய்மீன்:
ஈர மாவை வைத்துவிட்டு வரவில்லை என்று சொல்வது கிரைண்டரில் துணி துவைக்கவில்லை என்று கோபப்படுவது மாதிரி. எவ்வளவு தின்றால் ஒன்றும் ஆகாது என்பதை அவர்கள் டாக்டர் சொல்லட்டும்.

இரண்டு வருடமாக வாரத்தில் ஐந்து நாள் ஏர் ஃபிரையர் ஓடுகிற வீடு எங்களுடையது. வஞ்சிரத் துண்டுக்கு வழக்கமான மசாலா, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெயைத் தடவி 180ல் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பினால் போதும். வீட்டில் மீன் புகை கிடையாது, அடுப்பைச் சுற்றி எண்ணெய் தெறிக்காது. வெண்டைக்காய் வழவழப்பில்லாமல் வரும். சேனை, வாழைக்காய், உருளை எல்லாம் எண்ணெய் பிரட்டிப் போட்டால் ரோஸ்ட் மாதிரி. பச்சை நிலக்கடலை 160ல் பத்து நிமிடம், வாணலி முன்னால் நின்று கிளறுகிற வேலையே இல்லை. எண்ணெயே ஊற்றாமல் போட்டுவிட்டு வறண்டு போச்சு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு ஸ்பூனாவது பிரட்டுங்கள். எண்ணெய் இல்லாமல் வேகும், நிறமும் ருசியும் வராது.

அடிபட்டுக் கற்றது இரண்டு. கறிவேப்பிலையை மேலே தூவாதீர்கள், பறந்து போய்ச் சுருள் கம்பியில் ஒட்டிக் கருகும். அப்பளமும் அப்படியே, முதல் நாள் ஒன்று எழும்பி கம்பியில் போய் அப்பிக்கொண்டு ஹால் வரை புகை. பட்டர் பேப்பர் போடுவதானால் மேலே கனமாக ஏதாவது இருக்க வேண்டும்.

குறை என்ன என்றால் கூடை. லிட்டர் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடிப்பரப்பைப் பாருங்கள். பண்டத்தை ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் மொறுமொறுப்பு, குவித்தால் அவியல். எங்கள் நான்கு லிட்டர் கூடையில் மீன் ஐந்து துண்டு. இரண்டு பேருக்குச் சரி. நான்கு பேர் என்றால் இரண்டு ஈடு, முதல் ஈடு ஆறிப்போகும்.

மாடிவீடு:
ஓ, நான் லிட்டரை வைத்துத்தான் விலை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நன்றி. கரண்ட் பில் எப்படி வரும்? ஏற்கெனவே ஏசி காலத்தில் 500 யூனிட்டை ஒட்டித்தான் வருகிறது.

மூன்றாம்பேஸ்:
பில்லை விடுங்கள், முதலில் பிளக்கைப் பாருங்கள். மேடை மேலே இருக்கிற பாயின்ட் 6 ஆம்பா, 16 ஆம்பா? மிக்ஸி மாட்டுகிற சின்ன பாயின்ட் 6 ஆம்ப். 230 வோல்ட்டை ஆறால் பெருக்கினால் 1380 வாட், அதுதான் அதன் எல்லை. ஏர் ஃபிரையரும் சரி ஓடிஜியும் சரி, 1500 வாட் சாதாரணம், அதற்கு மேலும் இருக்கிறது. தடித்த பின் வைத்த பிளக்கைக் கொடுப்பது அதற்காகத்தான்.

யூனிட் கணக்கு: 1500 வாட் சாதனம் இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். ஏர் ஃபிரையர் இருபது நிமிடம் என்றால் அதிகபட்சம் அரை யூனிட். ஓடிஜியில் கேக்குக்கு முன்சூடு சேர்த்து ஐம்பது நிமிடம் என்றால் அதிகபட்சம் ஒன்றேகால், உண்மையில் அதைவிடக் குறையும், ஏனென்றால் சூடு எட்டியதும் தெர்மோஸ்டாட் ராடை அணைத்து அணைத்துப் போடும். தினமும் ஏர் ஃபிரையர் போட்டாலும் இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட்டைத் தாண்டாது. ஆனால் நீங்கள் சொல்வது சரி, 500ஐ ஒட்டி நிற்கிறவருக்கு அந்த முப்பதுதான் வினை, தாண்டிவிட்டால் கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். ஏசி ஓடுகிற மாதங்களில் மட்டும் கையை அடக்குங்கள்.

மாடிவீடு:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மேடையில் இரண்டும் 6 ஆம்ப். பவர் பிளக் ஒன்றே ஒன்று, ஃபிரிட்ஜ் பக்கத்தில், வாசல் ஓரமாக. 16லிருந்து 6க்கு மாற்றுகிற அடாப்டர் அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதைப் போட்டால்?

மூன்றாம்பேஸ்:
போடாதீர்கள். நானே போட்டுப் பட்டவன், எலக்ட்ரிக் வேலை தெரிந்தும். அம்மா வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புக்கு அவசரத்துக்கு ஒன்று மாட்டிக் கொடுத்தேன், எடுத்துவிட வேண்டும் என்று நினைத்து மறந்தே போனேன். மூன்றாவது வாரம் மீன் கெட்டுப்போன மாதிரி நாற்றம் வருகிறது என்றார்கள். எலி செத்திருக்கும் என்று மேடைக்கு அடியில் எல்லாம் தேடியிருக்கிறோம். கடைசியில் பார்த்தால் பிளக்கின் பிளாஸ்டிக். கழற்றியபோது பின் பாதி கருப்பு, சாக்கெட்டின் முகம் உருகி அடாப்டரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சுவருக்குள் போகிற ஒயர் மெலிசு, அது எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேடைக்குத் தனி ஒயர் இழுத்து 16 ஆம்ப் பாயின்ட் போடுங்கள், இல்லையா, சாதனத்தை அந்த வாசல் ஓரத்துக்கே கொண்டுபோங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம்.

வடலி_லண்டன்:
நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், இப்ப லண்டன். ஊரில் பாண் போடுகிற பேக்கரிப் போறணையைத்தான் பார்த்திருக்கிறேன், இங்கே வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குக் கீழே அறுபது எழுபது லீற்றர் 'அவன்' (நீங்கள் ஓவன் என்பது) பொருத்தியே இருக்கிறது. அதனால் எங்கள் கேள்வி உங்களுக்கு நேர் எதிர்: அவன் இருக்கும்போது ஏர் ஃபிரையர் எதற்கு?

நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். 2022ல் இங்கே மின்சாரம், காஸ் எல்லாம் நெருப்பு விலை ஏறினபோது சனம் அள்ளிக்கொண்டு போனது ஏர் ஃபிரையரைத்தான். நாலு ரோல்ஸைச் சூடாக்க அந்தப் பெரிய பெட்டி முழுவதையும் கால் மணித்தியாலம் சூடாக்குவது என்ன நியாயம் என்று மனுசி கேட்டா, பதில் இல்லை, வாங்கினோம். ரோல்ஸ், கட்லட் இரண்டுக்கும் அது நல்லம், வெளியே ரஸ்க் தூள் இருப்பதால் கொஞ்சம் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தாலே நிறம் வந்துவிடும். பற்றிஸ் சுமார்தான், எண்ணெயில் வருகிற கொப்புளம் வராது. நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) லவ் கேக், ஆட்கள் வந்தால் முழுக் கோழி, இதற்கெல்லாம் இன்றைக்கும் அவன்தான்.

ஒரு உபயோகமான விசயம். இங்கத்தைய சமையல் குறிப்புகளில் எப்போதும் இரண்டு சூடு போட்டிருப்பார்கள், சாதா அவனுக்கு 180, ஃபான் அவனுக்கு 160 என்று. ஏர் ஃபிரையருக்கும் அந்த ஃபான் கணக்கில் தொடங்கி, நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரிவரும்.

கொங்குகேக்:
வடலி அண்ணா சொன்ன இருபது டிகிரி கணக்கு காற்றாடி ஓடிஜிக்கும் பொருந்தும். ஆனால் இங்கே வாங்குகிற ஓடிஜியில் 180 என்று திருகினால் உள்ளே 180 இருக்கும் என்று நம்பாதீர்கள். என் முதல் ஓடிஜியில் கேக் எல்லாம் நடுவில் குழி விழுந்துகொண்டே இருந்தது, முட்டையைத் திட்டினேன், பேக்கிங் பவுடரைத் திட்டினேன், கடைசியில் உள்ளே மாட்டுகிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தால் 155. திருகை 205க்கு வைத்தால்தான் உள்ளே 180 வந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான், ஓடிஜியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இன்னொரு கதை. தூத்துக்குடி மக்ரூன் தெரியும்தானே, முட்டை வெள்ளை, முந்திரித் தூள், சர்க்கரை, கூம்பு கூம்பாகப் பிழிந்து குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவிட வேண்டும். சுடுவதைவிட உலர்த்துவது என்று சொல்ல வேண்டும். ஓடிஜியில் ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்ததால் மக்ரூனை ஏர் ஃபிரையரில் வைத்துப் பார்த்தேன். கூம்பு எல்லாம் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, தை மாதக் காற்றில் நெற்கதிர் படுத்த மாதிரி. ருசியில் குறை இல்லை, ஆனால் அதை யாருக்கு விற்பது?

எண்ணெய்ச்சட்டி:
மக்ரூனைப் படுக்க வைத்தவரும் நம் கட்சிதான். வாருங்கள் அக்கா.

தவிர, இந்த ஏர் ஃபிரையரில் உருளைக்கிழங்கு போட்டால் அக்ரிலமைடு வருகிறது, புற்றுநோய் வரும் என்று ஒரு வாட்ஸப் சுற்றுகிறதே?

நெய்மீன்:
வாட்ஸப்பில் பாதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். 2002ல் ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னது அது: மாவுச்சத்துள்ள பண்டத்தை 120 டிகிரிக்கு மேல் சுட்டாலும் வறுத்தாலும் அக்ரிலமைடு உருவாகும். ஏர் ஃபிரையர், ஓவன், எண்ணெய்ச் சட்டி மூன்றிலும் வரும், வேகவைத்தால், ஆவியில் அவித்தால் அவ்வளவாக வராது. வெட்டிய கிழங்கைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து ஈரம் துடைத்துவிட்டு, பொன்னிறத்தில் நிறுத்திக்கொண்டால் குறையும். கருகக் கருக விடுவதுதான் தப்பு, அது எந்தப் பாத்திரமானாலும்.

சுக்குகாப்பி:
கழுவுவதைப் பற்றி யாருமே பேசவில்லையே, ஆண்கள் அதிகம் போல இங்கே.

ஏர் ஃபிரையர் கூடையைத் தினமும் கழுவ வேண்டும், ஓட்டைக்குள் மசாலா போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பி நாரைப் போட்டால் ஆறே மாதத்தில் கோட்டிங் உரியும். வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்து ஸ்பாஞ்சால் துடைத்தால் வந்துவிடும். மேலே சுருள் கம்பியில் படிகிற எண்ணெயை மறந்துவிடுவோம், அதுதான் பின்னால் புகையும் சிக்கு வாடையும். ஓடிஜியில் தட்டைக் கழுவுவது சுலபம், ஆனால் உள்சுவரில் தெறித்த சிக்கன் எண்ணெயைத் துடைக்கத் தலையை உள்ளே விட வேண்டும். தோலோடு கோழி வைத்தால் ஏர் ஃபிரையரின் அடிப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், சொட்டுகிற கொழுப்பு புகையாது.

அப்புறம் டேப் எடுத்து அளந்தீர்களா? ஒன்றரை அடி என்கிறீர்கள். முப்பது லிட்டர் ஓடிஜி அகலமே அதை முட்டும், சுற்றிக் காற்றுக்கு இடம் விட வேண்டும், கதவு வேறு முன்பக்கம் கீழ்நோக்கித் திறக்கும். ஏர் ஃபிரையர் ஒரு அடியில் அடங்கும்.

எண்ணெய்ச்சட்டி:
ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறமும் எங்கள் வீட்டு ஏர் ஃபிரையர் பரணுக்குப் போகவில்லை. நேற்று போட்ட மெதுவடையை இன்றைக்கு 180ல் நான்கு நிமிடம் வைத்தால் இப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர். எண்ணெயும் கொஞ்சம் கீழே வடிந்து நிற்கும்.

நெய்மீன்:
சிரிக்கவில்லை. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாடிவீடு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அளந்தோம். மேடையில் ஓடிஜி உட்காரவே உட்காராது. ஏர் ஃபிரையர்தான் என்று முடிவாகிவிட்டது என்று நினைத்தபோது, இரண்டும் வேண்டாம் என்ற அம்மாவே, அந்த வாசல் ஓரத்தில் தண்ணீர் டிரம் எதற்கு நிற்கிறது, அதைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு அங்கே ஒரு மேஜை போடு என்றார். பவர் பிளக்கும் அங்கேதானே இருக்கிறது. ஆக, நான்கு பேருக்கு ஒரே ஈட்டில் ஆகிற மாதிரி முப்பது லிட்டர் ஓடிஜி, காற்றாடி வைத்தது, பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. தெர்மாமீட்டரும் வாங்கினேன், எங்கள் ஓடிஜியில் திருகில் வைப்பதைவிட உள்ளே 15 டிகிரி குறைவாக இருக்கிறது. மீன் ஒரே தட்டில் பத்துத் துண்டு, காற்றாடியைப் போட்டால் நன்றாகவே வருகிறது, ஏர் ஃபிரையரைவிட ஏழெட்டு நிமிடம் கூட ஆகும் போலிருக்கிறது, பரவாயில்லை. மகளின் முதல் கேக் நடுவில் கொஞ்சம் பச்சை, இரண்டாவது சரியாக வந்தது.

அதிகம் உபயோகிப்பது அம்மாதான். கடலை வறுத்தார், சேமியா வறுத்தார், ரவை வறுத்தார், சேனைக்கிழங்கு வாரம் மூன்று நாள். இப்போது நெத்திலிக் கருவாடு சுடலாமா என்று கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்?

கொங்குகேக்:
சனிக்கிழமை கேக் சுடுகிற ஓவனிலா? மகளிடம் கேட்டுவிட்டீர்களா சார்?